37 டிகிரியில் இரண்டு மணி நேரம்: அக்வயர்டு ஹீமோஃபீலியா ஏ கண்டறிதல், ஒரு நிகழ்வு ஆய்வு

68 வயது ஆண். வலது முன்கையில் முழங்கை முதல் மணிக்கட்டு வரை தோல் கருநீலமாகக் கன்றியிருக்கிறது. இடது தொடையில் கெட்டியான, தொட்டால் வலிக்கும் வீக்கம். விழவில்லை, அடிபடவில்லை. பத்து நாட்களுக்கு முன் சிறு திட்டாகத் தொடங்கியது பரவிக்கொண்டே போகிறது. இடையில் காய்ச்சலுக்காக இடுப்பில் போட்ட ஊசியின் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தக்கட்டு. ஹீமோகுளோபின் 6.8 கிராம், தட்டணுக்கள் 2,84,000.

இந்த நோயாளி குறிப்பிட்ட ஒரு மனிதர் அல்லர். இந்நோய் வழக்கமாக எப்படி வருமோ அப்படி அமைத்த மாதிரி நிகழ்வு இது. எண்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி கணக்கிட்டுத் தரப்பட்டுள்ளன. சோதனை முறைகளும், அவை தவறும் இடங்களும் ஆய்வகங்களில் அன்றாடம் உள்ளவை.

முன்கதையில் கவனிக்க வேண்டியவை மூன்று. 40 வயதில் குடலிறக்க அறுவை சிகிச்சை, பின்னர் இரண்டு முறை பல் பிடுங்கியது. எதிலும் ரத்தம் நிற்காமல் போகவில்லை. குடும்பத்தில் யாருக்கும் ரத்தப்போக்கு நோய் இல்லை. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் தவிர வேறு மருந்தில்லை. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. பிறவியிலேயே உறைவுக் காரணி குறைந்தவர் என்றால் அறுவை சிகிச்சையும் பல் பிடுங்கலும் அன்றே காட்டிக்கொடுத்திருக்கும். ஆகவே இது பின்னாளில் வந்து சேர்ந்த கோளாறு.

முதல் நாள் முடிவுகள் (பிடி, ஏபிடிடி, திராம்பின் நேரம் மூன்றும் பிளாஸ்மா உறைய எடுக்கும் நேரத்தை வெவ்வேறு வழிகளில் அளப்பவை; ஃபைப்ரினோஜன் உறைகட்டியாக மாறும் புரதம்):

பிடி 13.2 வினாடி (கட்டுப்பாடு 12.8)
ஏபிடிடி 82 வினாடி (இயல்பு 26 முதல் 36)
திராம்பின் நேரம் 16 வினாடி (இயல்பு 14 முதல் 18)
ஃபைப்ரினோஜன் 410 மில்லிகிராம்

ஏபிடிடி மட்டும் நீண்டிருக்கிறது, மற்றவை எல்லாம் சரியாக இருக்கின்றன. வயதானவர், புதிதாக வந்த ரத்தப்போக்கு, தனித்து நீண்ட ஏபிடிடி: இம்மூன்றும் ஒன்றாக வந்தால், வேறொன்று என்று நிரூபணமாகும் வரை அது அக்வயர்டு ஹீமோஃபீலியா ஏ என்றே கருதி வேலையைத் தொடங்க வேண்டும். ரத்தம் உறையத் தேவையான புரதங்களில் ஒன்று காரணி 8; உடலே அதற்கு எதிராக எதிர்ப்பொருள் உருவாக்கிக்கொள்ளும் நோய் இது. அந்த எதிர்ப்பொருளைத்தான் தடுப்பான் என்கிறோம். பிரிட்டனில் 2001 முதல் 2003 வரை நடந்த ஈராண்டுக் கண்காணிப்பின்படி ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ ஒன்றரைப் பேருக்கு வருகிறது. பிறவி ஹீமோஃபீலியா பெரும்பாலும் ஆண்களுக்கே வரும்; இது அப்படியில்லை. முதியவர்களில் இருபாலருக்கும் வரும். இளம் பெண்களில் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் வரும். ஏறத்தாழ பாதிப் பேரிடம் வேறு நோய் எதுவும் அகப்படாது. மீதிப் பேரில் முடக்குவாதம், லூப்பஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களோ புற்றுநோயோ பின்னால் இருக்கும். ரத்தம் கசியும் இடங்களும் வேறு. பிறவி நோயில் மூட்டுகள். இதில் தோலும் தசையும் வயிற்றின் பின்சுவரும்.

முதல் நாளில் நடந்த வீண்வேலை

இந்த நோயாளிக்கு முதலில் வைட்டமின் கே 10 மில்லிகிராம் தரப்பட்டது, பிறகு உறையவைத்துச் சேமித்த பிளாஸ்மா நான்கு பை. ஆறு மணி நேரம் கழித்து ஏபிடிடி 79 வினாடி. எதுவும் அசையவில்லை.

ஏன் அசையவில்லை என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். நான்கு பையில் சுமார் 900 மிலி பிளாஸ்மா. ஒரு மிலியில் ஏறத்தாழ ஒரு யூனிட் காரணி 8 என்றால் 900 யூனிட். 60 கிலோ எடையுள்ளவரின் பிளாஸ்மா சுமார் 2,700 மிலி. தடுப்பான் இல்லாத உடலாக இருந்தால் காரணி 8 முப்பது சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்க வேண்டும்; ஏபிடிடி பாதி வழியாவது இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால், ஊற்றியதை ஏதோ ஒன்று அழித்துக்கொண்டிருக்கிறது. பிளாஸ்மா ஏற்றியும் ஏபிடிடி மாறவில்லை என்ற அந்தச் செய்தியே ஒரு சோதனை முடிவுதான். ஆனால் பல நேரங்களில் அதற்கு வரும் எதிர்வினை இன்னும் நான்கு பை.

வைட்டமின் கே குறைவு என்றால் காரணி 7 முதலில் விழும், பிடிதான் முதலில் நீளும். இங்கே பிடி சரியாக இருக்கிறது. கல்லீரல் நோயிலும் அப்படியே. தமிழ்நாட்டில் கிராமத்திலிருந்து இப்படி ரத்தக்கட்டோடு வருபவரிடம் பாம்புக்கடியைக் கேட்டாக வேண்டும்; கண்ணாடி விரியன் நஞ்சு ஏறியிருந்தால் பிடி, ஏபிடிடி இரண்டும் நீண்டு ஃபைப்ரினோஜன் தரைமட்டமாகிவிடும். 410 என்ற ஃபைப்ரினோஜன் அந்தக் கதவை மூடுகிறது. உடலெங்கும் ரத்தம் உறைந்து காரணிகள் தீர்ந்துபோகும் பரவலான உறைவுச் சிதைவையும் அதுவே விலக்குகிறது, தட்டணு எண்ணிக்கையும் துணை நிற்கிறது.

மாதிரி

ஏபிடிடி நீண்டிருக்கிறது என்ற முடிவை நம்பும் முன் அந்த ரத்தம் எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். ஆய்வகத்திலிருந்து வார்டுக்கு ஒரு போன் போதும்.

“சிஸ்டர், இந்த ரத்தம் சென்ட்ரல் லைன்ல இருந்து எடுத்ததா, கையில குத்தி எடுத்ததா?”

“கையில குத்தித்தான் சார். லைன் எதுவும் போடலை.”

லைனில் (பெரிய சிரைக்குள் செருகி வைக்கும் குழாய்), ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கொஞ்சம் தங்கியிருந்தாலே ஏபிடிடி இரண்டு மூன்று மடங்காகும். அப்போது திராம்பின் நேரமும் சேர்ந்து நீளும். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் டாபிகட்ரான் மாத்திரையும் திராம்பின் நேரத்தை வெகுவாக நீட்டும். அதே வேலைக்குத் தரும் ரிவராக்ஸாபான் அதைத் தொடாது. அதனால் அந்த மாத்திரையை மருந்துச் சீட்டில் தேடித்தான் விலக்க வேண்டும். இந்த நோயாளியின் 16 வினாடி, ஹெப்பாரினையும் டாபிகட்ரானையும் ஒரே வீச்சில் விலக்கிவிடுகிறது. திராம்பின் நேரம் பார்க்காமல், கீழே வரும் கலப்புச் சோதனைக்குப் போகும் ஆய்வகம் என்றாவது ஒருநாள் ஹெப்பாரினைத் தடுப்பான் என்று எழுதிக் கொடுக்கும்.

மறுநாள் காலை புது மாதிரி எடுக்கப்பட்டது. 3.2 சதவீத சோடியம் சிட்ரேட் உள்ள நீல மூடிக் குழாய், 0.3 மிலி சிட்ரேட்டுக்கு 2.7 மிலி ரத்தம். குழாய் 90 சதவீதமாவது நிறைந்திருக்க வேண்டும். 2.7 வரவேண்டிய இடத்தில் 1.8 மிலி வந்தால் மிஞ்சிய சிட்ரேட், சோதனையில் நாம் சேர்க்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏபிடிடி பொய்யாக நீளும். பட்டாம்பூச்சி ஊசியில் எடுத்தால் அதன் வால் குழாயில் உள்ள காற்று முதல் குழாயின் வெற்றிடத்தைத் தின்றுவிடும், அதனால் முன்னால் ஒரு குழாயை எடுத்து எறிந்துவிட வேண்டும். ஹெமட்டோகிரிட் 55-க்கு மேல் போனால் சிட்ரேட்டைக் குறைக்க வேண்டும். இவருக்கு 21 என்பதால் அந்தத் தொல்லை இல்லை. குழாயை மூன்று நான்கு முறை மெல்லக் கவிழ்த்தால் போதும், குலுக்கக் கூடாது. ஊசி எடுத்த இடத்தை இப்படிப்பட்ட நோயாளிக்குப் பத்து நிமிடமாவது விடாமல் அழுத்த வேண்டும். இரண்டு நிமிடத்தில் பஞ்சை ஒட்டிவிட்டு வந்தால் மாலையில் அந்தக் கை முழுதும் கன்றியிருக்கும்.

குழாயைப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவருவது இன்னும் சில இடங்களில் பழக்கம். பிரிக்காத ரத்தம் குளிர்ந்தால் காரணி 8-ஐத் தாங்கிச் செல்லும் வான் வில்லிபிராண்ட் காரணியும் காரணி 8-உம் குறைந்துவிடும். அறை வெப்பத்திலேயே கொண்டுவந்து நான்கு மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். 1,500 ஜி வேகத்தில் 15 நிமிடம் சுழற்றி, மேல் பிளாஸ்மாவைப் பிளாஸ்டிக் பிப்பெட்டால் எடுத்து, வேறு குழாயில் மறுபடியும் அதே போல் சுழற்ற வேண்டும். அடியில் கால் மிலியை விட்டுவிட்டு எடுத்தால் மைக்ரோலிட்டருக்குப் பத்தாயிரம் தட்டணுக்களுக்குக் கீழே வரும். இந்த இரண்டாம் சுழற்சியைத் தவிர்த்தவர்கள் லூப்பஸ் தடுப்பானை (ஃபாஸ்ஃபோலிப்பிடைச் சார்ந்த உறைவுச் சோதனைகளை நீட்டும் வேறுவகை எதிர்ப்பொருள்) தவறவிடுவார்கள்; உறைய வைத்து உருக்கும்போது எஞ்சிய தட்டணுக்கள் உடைந்து ஃபாஸ்ஃபோலிப்பிடைக் கொட்டும், அது தடுப்பானை மறைக்கும். வேறு ஊருக்கு அனுப்புவதானால் மைனஸ் 70 டிகிரியில் உறைய வைத்து, உலர்பனியில் அனுப்பி, 37 டிகிரி நீரில் முழுதாக உருக்க வேண்டும். அறையில் வைத்து மெதுவாக உருகவிட்டால் காரணி 8 வீழ்படிவாக அடியில் தங்கிவிடும்.

கலப்புச் சோதனை

புது மாதிரியின் ஏபிடிடி 84 வினாடி. இனி, இது குறைபாடா தடுப்பானா என்ற கேள்வி. நோயாளியின் பிளாஸ்மா ஒரு பங்கு, இயல்பு பிளாஸ்மா ஒரு பங்கு கலந்தால் எந்தக் காரணி எவ்வளவு குறைந்திருந்தாலும் கலவையில் பாதியளவாவது இருக்கும், ஏபிடிடி சரியாகிவிடும். தடுப்பான் இருந்தால் சரியாகாது. இதுதான் பாடப்புத்தகம். காரணி 8 தடுப்பானில் இந்தப் பாடம் பொய்த்துப்போகிறது. இந்த எதிர்ப்பொருள் வேலை செய்ய நேரமும் வெப்பமும் கேட்கும். கலந்த கையோடு பார்த்தால் அது இன்னும் வேலையைத் தொடங்கியிருக்காது.

இயல்பு பிளாஸ்மா என்பது யாரோ ஒரு டெக்னீஷியனின் கையிலிருந்து எடுத்த ரத்தமாக இருக்கக் கூடாது. குறைந்தது 20 நலமானவர்களின் இருமுறை சுழற்றிய பிளாஸ்மாவைக் கலந்து, சிறு பங்குகளாக மைனஸ் 70-இல் வைக்க வேண்டும். காரணி 8 நூறு சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். நோயாளியிடம் எடுத்த எல்லா முயற்சியும் இந்தக் கலவையின் தரத்தில் நிற்கிறது.

செய்தது இப்படி. மூடியுள்ள பிளாஸ்டிக் குழாய்கள் மூன்று. ஒன்றில் நோயாளியின் பிளாஸ்மா, ஒன்றில் இயல்பு பிளாஸ்மா, ஒன்றில் இரண்டும் அரை மிலி, அரை மிலியாகக் கலந்தது. கலவையில் உடனே ஒரு ஏபிடிடி. பிறகு மூன்று குழாய்களும் 37 டிகிரி நீர்த்தொட்டியில் இரண்டு மணி நேரம். நேரம் முடிந்ததும் மூன்றிலும் ஏபிடிடி. கடைசியாக, தனித்தனியே சூடேறிய நோயாளி பிளாஸ்மாவையும் இயல்பு பிளாஸ்மாவையும் அப்போதுதான் கலந்து இன்னொரு ஏபிடிடி.

உடனே: இயல்பு பிளாஸ்மா 30.5, நோயாளி 84, கலவை 39 வினாடி
2 மணி நேரம் கழித்து: இயல்பு பிளாஸ்மா 32.5, நோயாளி 86, சேர்ந்தே சூடேறிய கலவை 71 வினாடி
தனித்தனியே சூடேறி இறுதியில் கலந்தது: 41 வினாடி

உடனடிக் கலவையை மட்டும் பாருங்கள். 84 இருந்தது 39-க்கு இறங்கியிருக்கிறது. ரோஸ்னர் குறியீடு, அதாவது கலவையிலிருந்து இயல்பைக் கழித்து நோயாளியின் நேரத்தால் வகுத்து நூறால் பெருக்கியது, 10.1. தடுப்பான் என்று சொல்லும் எல்லையைப் பல ஆய்வகங்கள் 10-க்கும் 15-க்கும் இடையில் எங்கோ வைத்திருக்கின்றன. ஒவ்வொருவரும் தம் வினைப்பொருளுக்குத் தாமே வகுக்க வேண்டிய எண் அது. 12 என்று வைத்திருக்கும் ஆய்வகத்தில் இந்த முடிவு “சரியாகிறது, காரணிக் குறைபாடு” என்று கையெழுத்தாகி வெளியே போகும். வார்டில் காரணி 8 செறிவு வாங்கி ஏற்றுவார்கள். அதுவும் பிளாஸ்மா போலவே கரைந்துபோகும்; தொடை வீக்கம் வளரும்.

சேர்ந்தே சூடேறிய கலவையின் குறியீடு 44.8. தனித்தனியே சூடேற்றிய கட்டுப்பாட்டை ஏன் வைக்கிறோம் என்றால், காரணி 8 தானாகவே நலிவது. 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் இருந்தாலே கொஞ்சம் போகும். மூடாத குழாயில் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஹெச் ஏறினால் இன்னும் போகும். அந்தத் தேய்மானத்தை நோயாளியின் குற்றமாக எழுதிவிடக் கூடாது. இங்கே அந்தக் கட்டுப்பாடு 41, சேர்ந்தது 71. இடையே உள்ள 30 வினாடி தடுப்பானின் வேலை. இதற்கு வேறு விளக்கம் இல்லை.

தடுப்பான் வலுவற்றதாக இருந்தால் 1:1 கலவையில் மறைந்துகொள்ளும். சந்தேகம் தீராவிட்டால் நோயாளி நான்கு பங்கு, இயல்பு ஒரு பங்கு என்று கலந்து பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனைக்கு வேண்டியது ஏபிடிடி செய்யும் வசதி, ஒரு நீர்த்தொட்டி, நல்ல இயல்பு பிளாஸ்மா, இரண்டு மணி நேரப் பொறுமை. மாவட்ட மருத்துவமனை ஆய்வகத்தில் இவை எல்லாம் சாத்தியம். இதைச் செய்யாமல் உடனடிக் கலவையோடு நிறுத்திக்கொள்வதுதான் இந்நோயில் நடக்கும் பெரிய பிழை என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆட்கள் குறைவு, இரவுப் பணியில் ஒருவர்தான் என்பது உண்மையே. அப்படியானால் “உடனடிக் கலவை மட்டும் பார்க்கப்பட்டது, தடுப்பான் விலக்கப்படவில்லை” என்று அறிக்கையில் எழுதிவிட வேண்டும். அந்த ஒரு வரி உயிரைக் காக்கும்.

காரணி அளவுகள்: நீர்த்தலில் தெரியும் உண்மை

ஒருபடி முறையில், நோயாளியின் பிளாஸ்மாவை, பிஹெச் மாறாமல் காக்கும் தாங்கல் கரைசலில் 1:10, 1:20, 1:40 என நீர்த்து, குறிப்பிட்ட காரணி இல்லாத பிளாஸ்மாவோடு சேர்த்து ஏபிடிடி பார்க்கிறோம். நீர்த்த அளவால் பெருக்கியபின் வந்தவை, சதவீதத்தில்:

காரணி 8: 1:10-இல் 2, 1:20-இல் 2, 1:40-இல் அளவீட்டு எல்லைக்குக் கீழே
காரணி 9: 44, 63, 86
காரணி 11: 47, 68, 91
காரணி 12: 45, 64, 88

ஒவ்வொரு காரணிக்கும் 1:10 மட்டும் செய்யும் ஆய்வகம் இதை எப்படி அறிவித்திருக்கும்? 8, 9, 11, 12 எல்லாம் குறைவு என்று. அதைப் படிப்பவர் கல்லீரல் என்பார், அல்லது லூப்பஸ் தடுப்பான் என்பார். நீர்க்க நீர்க்க எண் ஏறுகிறதே, அங்கேதான் விடை இருக்கிறது. காரணி 9 இல்லாத பிளாஸ்மாவில் காரணி 8 இருக்கிறது. நோயாளியின் தடுப்பான் அந்தக் குழாயிலும் போய் அந்த 8-ஐத் தாக்குகிறது, உறைய நேரமாகிறது, கருவி அதைக் காரணி 9 குறைவு என்று படிக்கிறது. நீர்த்தால் தடுப்பானும் நீர்க்கிறது, காரணி 9 தன் உண்மை அளவுக்கு எழுகிறது. காரணி 8 மட்டும் எழவில்லை, ஏனென்றால் அது உண்மையிலேயே இல்லை.

லூப்பஸ் தடுப்பானும் இதே போல எல்லாக் காரணிகளையும் பொய்யாகக் குறைத்து, நீர்த்தலில் ஏறும். அதில் காரணி 8-உம் சேர்ந்து ஏறும். இங்கே ஏறாமல் நிற்பதுதான் வேறுபாடு. மருத்துவத்தில் இரண்டும் எதிர்த்துருவங்கள். லூப்பஸ் தடுப்பான் உள்ளவருக்கு ரத்தம் உறைந்து அடைக்கும், இவருக்கோ ஒழுகும். ஒன்றை மற்றொன்றாக எண்ணி ஹெப்பாரின் தொடங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் நீர்த்த ரஸ்ஸல் விரியன் நஞ்சு நேரம் பார்க்கப்பட்டது: விகிதம் 1.05, இயல்பு. கண்ணாடி விரியன் நஞ்சு காரணி 10-ஐ நேரே தூண்டுகிறது. 8, 9, 11, 12 எதுவும் அந்தப் பாதையில் வருவதில்லை. ஆகவே காரணி 8 தடுப்பான் இந்தச் சோதனையைக் குழப்ப முடியாது. ஏபிடிடி வழியிலான லூப்பஸ் சோதனைகளை இது குழப்பும், அவற்றில் வரும் நேர்மறையை இந்நேரத்தில் நம்ப வேண்டாம்.

குரோமோஜெனிக் முறையில் காரணி 8 மூன்று சதவீதம். இந்த முறையில் உறைவை நாம் பார்ப்பதில்லை. உண்டாகும் காரணி 10ஏ ஒரு நிறப்பொருளை வெட்டும், அதன் மஞ்சளை 405 நானோமீட்டரில் அளக்கிறோம். மாதிரி வெகுவாக நீர்க்கப்படுவதாலும் ஃபாஸ்ஃபோலிப்பிட் மிகுதியாக இருப்பதாலும் லூப்பஸ் தடுப்பான் இதைத் தொடுவது அரிது. வான் வில்லிபிராண்ட் ஆன்டிஜன் 190 சதவீதம், செயல்பாடு 175. காரணி 8-ஐத் தாங்கிச் செல்லும் புரதம் சரியாக இருக்கிறது, எனவே அக்வயர்டு வான் வில்லிபிராண்ட் நோய் இல்லை.

பெதெஸ்டா அளவு

தடுப்பான் இருக்கிறது. எவ்வளவு? 1975-இல் வெளியான பெதெஸ்டா முறையும், 1995-இல் நெதர்லாந்தின் நைமேகனிலிருந்து வந்த திருத்தமும்தான் இன்றும் அளவுகோல். இரண்டு மணி நேரத்தில் 37 டிகிரியில் இயல்பு பிளாஸ்மாவின் காரணி 8-ஐப் பாதியாக்கும் தடுப்பான் ஒரு பெதெஸ்டா யூனிட். இரண்டு யூனிட் என்றால் கால் மிஞ்சும், மூன்று என்றால் அரைக்கால், நான்கு என்றால் மாகாணி. பழைய வாய்பாடு தெரிந்தவர்களுக்கு மடக்கைக் கணக்கே தேவைப்படாது.

நைமேகன் திருத்தத்தில் இரண்டு மாற்றங்கள். இயல்பு பிளாஸ்மா இமிடசோல் தாங்கலால் பிஹெச் 7.4-இல் நிறுத்தப்படுகிறது. கட்டுப்பாட்டுக் குழாயிலும் நீர்த்தலிலும் வெறும் தாங்கல் கரைசலுக்குப் பதில் காரணி 8 இல்லாத பிளாஸ்மா சேர்க்கப்படுகிறது. புரதம் குறைந்து பிஹெச் ஏறினால் காரணி 8 தானாகச் சிதையும், இல்லாத தடுப்பான் 0.5, 0.8 என்று தலைகாட்டும். திருத்தம் அதைத்தான் அடக்குகிறது.

முதலில் நோயாளியின் பிளாஸ்மாவை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்க வேண்டும். அதில் மிஞ்சியுள்ள காரணி 8 அழியும், எதிர்ப்பொருள் தாங்கிக்கொள்ளும். ஃபைப்ரினோஜன் திரிந்து வெண்படிவாகும், வேகமாகச் சுழற்றி மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும். பிறகு இரட்டிப்பு நீர்த்தல்கள், ஒவ்வொன்றிலும் 0.2 மிலி, அதோடு தாங்கலிட்ட இயல்பு பிளாஸ்மா 0.2 மிலி, மூடி, 37 டிகிரியில் இரண்டு மணி நேரம். கட்டுப்பாட்டுக் குழாயில் மிஞ்சிய காரணி 8 இங்கே 48 சதவீதம். ஒவ்வொரு குழாயிலும் மிஞ்சியது இந்த 48-இல் எத்தனை சதவீதம் என்பதே எச்சம்; அதற்குரிய யூனிட்டை நீர்த்த அளவால் பெருக்கினால் விடை.

1:8 நீர்த்தலில் காரணி 8 ஆறு; எச்சம் 12.5 சதவீதம், 24 யூனிட்
1:16-இல் 14, எச்சம் 29.2, 28.4 யூனிட்
1:32-இல் 25, எச்சம் 52.1, 30.1 யூனிட்
1:64-இல் 34, எச்சம் 70.8; 31.8 யூனிட்

எச்சம் 25-க்கும் 75-க்கும் இடையில் உள்ள நீர்த்தல்களைத்தான் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே 1:8 கழிந்தது. மிஞ்சிய மூன்றில் யூனிட் ஒரே எண்ணாக நிற்காமல் 28, 30, 32 என்று ஏறுகிறது. கைப்பிழை என்று எண்ணி மறுபடி மறுபடி செய்ய வேண்டாம். காரணி 8 ஏற்றிக்கொண்ட பிறவி ஹீமோஃபீலியா நோயாளிகளில் உருவாகும் எதிர்ப்பொருள் பெரும்பாலும் நேர்கோட்டில் முழுதாக அழிக்கும். தன்னெதிர்ப்பாக வருவது பெரும்பாலும் அப்படிச் செய்யாது. முதலில் விரைந்து தாக்கி, பின் சமநிலைக்கு வந்து, கொஞ்சம் காரணி 8-ஐ விட்டுவைக்கும். 30 யூனிட் தடுப்பான் இருந்தும் நோயாளியிடம் 2, 3 சதவீதம் அளக்க முடிந்தது அதனால்தான். எச்சம் 50-க்கு மிக அருகில் உள்ள நீர்த்தலை எடுத்து, 30 பெதெஸ்டா யூனிட் என்று அறிவிக்கப்பட்டது.

இந்த எண்ணுக்கும் ரத்தப்போக்கின் கடுமைக்கும் தொடர்பு கிடையாது. 3 யூனிட் உள்ளவர் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து இறக்கலாம். 200 உள்ளவர் கன்றிய கையோடு நடமாடலாம். காரணி 8 எட்டு சதவீதம் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. எண்ணின் பயன் வேறு: காரணி 8 ஒன்றுக்குக் கீழோ, தடுப்பான் 20 யூனிட்டுக்கு மேலோ இருந்தால் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் தணிய அதிக நாளாகும். 2020-இன் பன்னாட்டுப் பரிந்துரைகள் அப்படிப்பட்டவர்களுக்குத் தொடக்கத்திலேயே ஸ்டீராய்டோடு, நோயெதிர்ப்பை அடக்கும் ரிட்டுக்ஸிமாப் அல்லது சைக்ளோஃபாஸ்ஃபமைடு சேர்க்கச் சொல்கின்றன. இந்த நோயாளி 30-இல் இருப்பதால் பிரெட்னிசலோன் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமோடு சைக்ளோஃபாஸ்ஃபமைடும் தொடங்கப்பட்டது. தொடை ரத்தப்போக்குக்கு, காரணி 8 இல்லாமலே உறைய வைக்கும் காரணி 7ஏ, கிலோவுக்கு 90 மைக்ரோகிராம், முதலில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. இந்த மருந்து வேலை செய்கிறதா என்று ஏபிடிடியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது; வீக்கத்தின் சுற்றளவும் ஹீமோகுளோபினும்தான் அளவுகோல். தசையில் ஊசி, தமனியில் குத்துவது, அவசியமில்லாத லைன் மூன்றுக்கும் தடை.

காரணி 8-இன் வேலையைச் செய்யும் எமிசிசுமாப் மருந்தைத் தொடங்கும் எண்ணம் இருந்தால் ஆய்வகத்துக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஜப்பானில் 2022-இல் இந்நோய்க்கு அது அனுமதிக்கப்பட்டது. ரத்தத்தில் மிகச் சிறிய அளவு வந்தாலே ஏபிடிடி இயல்பாகிவிடும், ஒருபடி முறைக் காரணி 8 நூற்றுக்கணக்கில் காட்டும், 56 டிகிரிச் சூடும் அதை அழிக்காது. அந்த ஏபிடிடியை வைத்து நோய் தணிந்தது என்று எழுதினால் அது பெரும் தவறு. அப்போது மாட்டுப் புரதங்கள் கொண்ட குரோமோஜெனிக் முறையில்தான் காரணி 8-ஐயும் தடுப்பானையும் பார்க்க வேண்டும்.

தொடர்ந்து பார்த்தது

வாரம் ஒருமுறை காரணி 8-உம் தடுப்பானும். இரண்டாம் வாரம் காரணி 8 ஐந்து சதவீதம், தடுப்பான் 14. நான்காம் வாரம் 16-உம் 4-உம். ஐந்தாம் வாரம் காரணி 8 முப்பத்துநான்கு. ஏபிடிடி 41 வினாடி. புதுக் கன்றல் எதுவும் இல்லை. அன்று தடுப்பான் 0.5 என்று வந்தது. எல்லை 0.6 என்பதால் “இல்லை” என்றே பொருள். ஸ்டீராய்டைக் குறைக்கலாம் என்று வார்டு ஆவலோடு காத்திருந்தது.

தாளைத் திருப்பிப் பார்த்தால், அன்றைக்குச் சூடாக்கும் படி விட்டுப்போயிருந்தது. நோயாளியின் பிளாஸ்மாவிலேயே 34 சதவீதம் காரணி 8 இருக்கும்போது அதில் பாதி, அதாவது 17, கலவையில் போய்ச் சேரும். தடுப்பான் தின்றது போக மிஞ்சியதோடு அதுவும் எண்ணப்படும். எச்சம் 73 சதவீதம் என்று தோன்றும், 0.5 யூனிட் என்று கணக்கு வரும். அதே மாதிரியைச் சூடாக்கிச் செய்தபோது எச்சம் 38, தடுப்பான் 1.4. நோய் இன்னும் இருக்கிறது. தொடக்கத்தில் காரணி 8 இரண்டாக இருந்தபோது சூடாக்காவிட்டாலும் பெரிய வேறுபாடு வந்திருக்காது; குணமாகிவரும் நாட்களில்தான் அந்த 30 நிமிடம் முடிவையே மாற்றுகிறது. மாத்திரை அதே அளவில் மேலும் மூன்று வாரம் தொடர்ந்தது.

எட்டாம் வாரம் காரணி 8 எண்பத்தேழு, சூடாக்கிய மாதிரியில் தடுப்பான் 0.6-க்குக் கீழே. ஸ்டீராய்டு படிப்படியாக இறங்கத் தொடங்கியது. திரும்ப வரும் நோய் இது, பெரும்பாலும் மருந்து குறையும் மாதங்களில். அடுத்த அரையாண்டுக்கு மாதம் ஒருமுறையும், பிறகு ஓராண்டு முடியும் வரை இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் ஏபிடிடியோடு காரணி 8 பார்க்க அட்டவணை எழுதப்பட்டது. ஏபிடிடி மட்டும் போதாது: சில வினைப்பொருள்கள் காரணி 8 முப்பது, நாற்பதுக்கு இறங்கும் வரை அசைவதில்லை. காரணி 8 நூற்றைம்பதைத் தாண்டிப் போனால் அதையும் வார்டுக்குச் சொல்ல வேண்டும் என்று அட்டவணையின் ஓரத்தில் குறிக்கப்பட்டது. ஸ்டீராய்டும் படுக்கையும் முதுமையும் சேர்ந்திருக்கும் அந்த நேரத்தில் காலில் ரத்தம் உறைந்துகொள்வதும் நடக்கும்.